மஞ்சக் கம்பெனி மண்

29.1.2007

காலையிலிருந்து கரண்ட் இல்லை. ஸ்டூலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டுத்தான் வந்தவர்களைப் பார்த்தேன். சளி, காய்ச்சல், ஒரு பிரஷர் கேஸ், காதுக்குள் உளுந்தைத் திணித்துக்கொண்ட ஒரு குழந்தை. பசுமலையில் கிளினிக் போட்ட நாளிலிருந்து திங்கட்கிழமை என்றால் இப்படித்தான்.

கடைசியாக ஒரு பெண். ஒச்சம்மாள் என்று பெயர், எழுமலைப் பக்கம் ஊர். கட்டட வேலைக்கு வந்திருக்கிறாள். அஸ்திவாரம் தோண்டும் இடத்தில் மண் சுமக்கிறாள். "காலு புண்ணு ஆறவே மாட்டேங்குது டாக்டரம்மா" என்றாள். காலைக் கழுவி வரச் சொல்லி வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டு பாதத்திலும் புண். புண் என்று எழுதுகிறேன், ஓட்டை என்றுதான் எழுத வேண்டும். வட்டமாக, ஓரம் தடித்து, நடுவில் குழியாக, ஆணியை அடித்துப் பிடுங்கியதுபோல. சீழ் இல்லை. அழுத்தினேன். அவள் முகம் மாறவேயில்லை.

"வலிக்கலையா?"

"வலிச்சா அப்பயே வந்திருப்பேன்ல."

சுகர் சரியாக இருக்கிறது. பஞ்சால் தொட்டால் உணர்கிறாள், அதனால் தொழுநோயும் இல்லை. பின் என்ன இது? கட்டுப் போட்டு, தண்ணீரில் கால் வைக்காதே என்றேன். "தண்ணியிலதான டாக்டரம்மா வேலையே" என்று சிரித்துக்கொண்டே போனாள்.

மகள் ஷாஹீதாவுக்கு அடுத்த வாரம் பிளஸ் டூ பிராக்டிகல். சாப்பிடாமல் படிக்கிறாள். தட்டோடு பின்னாலேயே அலைகிறேன்.

31.1.2007

ஒச்சம்மாள் தன் கணவர் முத்திருளனைக் கூட்டி வந்தாள். அவருக்கு விரல் கணுக்களில். அதே வட்டம், அதே குழி. காலையில் எழுந்தால் மூக்கில் ரத்தம் வருகிறதாம்.

2.2.2007

இன்று இன்னும் மூன்று பேர். எல்லோரும் ஒரே இடத்தில் வேலை செய்பவர்கள். எந்த இடம் என்று கேட்டேன்.

"மஞ்சக் கம்பெனி இருந்த எடத்துல."

ஊர் வைத்த பெயர் அது. தோல் பதனிடும் தொழிற்சாலைகளுக்கு ஏதோ உப்பு தயாரித்தார்கள். நாங்கள் இங்கே குடிவந்த புதிதில் ஓடிக்கொண்டிருந்தது. வேலை விட்டு வருகிறவர்களின் சட்டைக் காலர்கூட மஞ்சளாக இருக்கும். பிறகு மூடிவிட்டார்கள். பத்து வருஷத்துக்கு மேல் கருவேல முள் மண்டிக் கிடந்தது.

பரணிலிருந்து பழைய மருத்துவப் புத்தகத்தை இறக்கினேன். தொழில் நோய்கள் பற்றிய பகுதியில் ஒரே ஒரு பத்தி. குரோமியம் உப்பு. வட்டமான குழிப்புண். வலி இருக்காது. மூக்கில் ரத்தம் வரும். நாள்பட்டால் நுரையீரலில் புற்று.

அந்த இடத்தில் இப்போது கட்டுவது யார் என்று எனக்குத் தெரியும். வெங்கடேஷ்பாபுவின் கம்பெனி. அங்கே தலைமை இன்ஜினியர் என் கணவர் வஹீது. பூமி பூஜைக்கு நானும் போயிருந்தேன். சர்க்கரைப் பொங்கல் வாங்கிச் சாப்பிட்டேன். அந்த மண்ணில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன்.

4.2.2007, ஞாயிறு

இவரிடம் சொல்லாமல் போனேன். ஞாயிறு என்றால் இவர் சைட்டுக்குப் போவதில்லை, ஆனால் வேலை நடக்கும். ஆட்டோவை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு உள்ளே நடந்தேன்.

என்னவென்று எழுதுவது. குழியின் அடியில் தண்ணீர். மஞ்சள் கரைத்த கலங்கல் இல்லை. கண்ணாடி மாதிரி தெளிந்த மஞ்சள். அடியில் கிடக்கும் செங்கல் தெரிகிறது. அழகாகக்கூட இருக்கிறது, அல்லாஹ் என்னை மன்னிக்க வேண்டும். அதில் முழங்கால்வரை இறங்கி நின்று சட்டியில் மண்ணை அள்ளி மேலே கொடுக்கிறார்கள். குழியின் பக்கவாட்டில் ஆள் உயரத்துக்குப் பச்சையும் மஞ்சளுமாக ஒரு பட்டை. இடிக்காமல் விட்ட பழைய சுவர் ஒன்றில் எலுமிச்சம்பழத் தோல் நிறத்தில் உப்பு பூத்து நிற்கிறது.

மேஸ்திரி ஆண்டிச்சாமி ஓடி வந்தார். "என்னம்மா, சார் வரலையா?"

"இந்தத் தண்ணி எப்பலருந்து வருது?"

"கொஞ்சம் ஆழமாப் போனதுலருந்தும்மா. மோட்டார் வச்சு எறச்சு அங்கிட்டு ஓடையில விடுறோம். எறைக்க எறைக்க ஊறுது."

ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு தெரு இருக்கிறது. தெருமுனையில் அடிபம்பு இருக்கிறது. குடத்தோடு நாலைந்து பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.

5.2.2007

சாயங்காலம் டீ குடிக்கும்போது கேட்டுவிட்டேன். "நீங்க மண்ணு டெஸ்ட் பண்ணலையா?"

"பண்ணாம யாராச்சும் அஸ்திவாரம் போடுவாங்களா மெஹர்? ரிப்போர்ட்டே இருக்கு."

ஒரு நிமிஷம் நிம்மதியாக இருந்தது. என்ன பார்த்தார்கள் என்று கேட்டேன்.

"எம்புட்டு பாரம் தாங்கும்னு பாத்தாங்க."

"மண்ணுல என்ன கலந்திருக்குன்னு?"

"அத யாரு கேக்குறா?"

கோபமாகச் சொல்லவில்லை. மெய்யாகவே, அதைக் கேட்கிறவர் யார் என்று என்னிடம் கேட்டார். பதினெட்டு வருஷம் இந்த மனிதரோடு வாழ்ந்திருக்கிறேன். சுவரில் ஒரு மயிரிழை விரிசல் விட்டாலும் தூங்கமாட்டார். அவருக்கு இது தெரியாது. தெரிய வேண்டிய ஒன்று என்பதே தெரியாது.

ஒச்சம்மாளின் கால்களைப் பற்றிச் சொன்னேன். "சிமெண்ட் பட்டாலும் அப்படித்தான் புண்ணாகும்" என்றார். இன்னும் சிமெண்ட் வேலையே தொடங்கவில்லை என்பது அவருக்கே பிறகு நினைவு வந்திருக்க வேண்டும். டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

7.2.2007

இவர் எல்லோருக்கும் ரப்பர் பூட்ஸ் வாங்கிக் கொடுத்திருக்கிறார். ஒச்சம்மாள் சொன்னாள்: "தண்ணி உள்ள போயிருது டாக்டரம்மா. அதப் போட்டுக்கிட்டுச் சட்டியோட ஏற முடியல, வழுக்குது. கரையில கழட்டி வச்சுட்டோம்."

10.2.2007

கனகலட்சுமியைச் சைட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். என்னோடு பள்ளியில் படித்தவள், இப்போது ஒரு பெண்கள் கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறாள். குழித் தண்ணீர், மண், அடிபம்புத் தண்ணீர் மூன்றையும் எடுத்துக்கொண்டாள். அவளுடைய அப்பா சாயப்பட்டறை வைத்திருந்தவர். குழியை எட்டிப் பார்த்ததுமே முகம் மாறிவிட்டது. "பைக்ரோமேட் கலர்டி இது, நீ சொன்ன குரோமியம் உப்புதான். எங்கப்பா இதத் தொட விடமாட்டாரு" என்றாள்.

14.2.2007

கனகா போன் செய்தாள். குரோமியம் இருந்தால் நிறம் மாறும் மருந்தை ஒரு சொட்டு விட்டதும் நாவல்பழ நிறம் வந்துவிட்டதாம். "நூறு மடங்கு நல்ல தண்ணி கலந்து பாத்தேன் மெஹர். அப்பயும் நாவப்பழம்தான்."

"அடிபம்பு?"

"லேசா ரோஸ்" என்றாள்.

குடத்தோடு நின்ற பெண்கள். அந்தத் தெருவிலிருந்து என்னிடம் வருகிறவர்கள் எத்தனை பேர். வயிற்றுவலி என்று வந்தவர்களுக்கெல்லாம் நான் என்ன எழுதிக் கொடுத்தேன்? தண்ணீரைக் காய்ச்சிக் குடி என்றேன். காய்ச்சினால் இது போகுமா. இன்னும் கெட்டியாகத்தான் ஆகும்.

15.2.2007

காலையிலேயே அந்தத் தெருவுக்குப் போய் வீடு வீடாகச் சொன்னேன். பாதிப் பேர் நம்பவில்லை. "நல்லா இனிச்சுக் கெடக்கு தண்ணி, அதப் போய் குடிக்காதங்குறீக" என்றார் ஒரு பெரியவர்.

17.2.2007

இன்றைக்கு நடந்ததை ஒழுங்காக எழுதி வைக்க வேண்டும்.

கனகாவின் முடிவுகளை இவரிடம் காட்டினேன். படித்தார். மறுபடி படித்தார். நான் கேட்டேன்: "இம்புட்டு பெரிய கட்டடம் கட்டுறீங்க. கட்டுறதுக்கு முன்னாடி இதையெல்லாம் பாக்கணும்னு கவர்மெண்டுல ஒரு விதிகூட இல்லையா?"

"இருக்கு" என்றார்.

போன செப்டம்பரில்தான் புதிதாக வந்திருக்கிறது. கட்டடத்தின் மொத்தப் பரப்பு இருபதாயிரம் சதுர மீட்டரைத் தாண்டினால் முன்கூட்டியே சுற்றுச்சூழல் அனுமதி வாங்க வேண்டும். நிலம், தண்ணீர், கழிவு எல்லாவற்றையும் பற்றிக் கேட்பார்கள். ஒரு கமிட்டி உட்கார்ந்து பார்க்கும். பார்த்துச் சரி என்றால்தான் ஒரு கூடை மண் எடுக்கலாம். தாண்டாவிட்டால் எதுவும் வேண்டாம்.

"உங்களுது தாண்டலையா?"

உள்ளே போய் வரைபடத்தை எடுத்து வந்து சாப்பாட்டு மேசையில் விரித்தார். இரண்டு கட்டடங்கள். இரண்டுக்கும் இரண்டு பெயர், இரண்டு கம்பெனி, இரண்டு மனு. நடுவில் ஒரு சந்து. ஒரு ஆள் நடந்து போகலாம், அவ்வளவுதான்.

"இந்தச் சந்து எதுக்கு?"

"சந்து இருந்தா ரெண்டு கட்டடம். இல்லைன்னா ஒண்ணு. ஒண்ணுன்னா இருபதாயிரத்தத் தாண்டிரும். அனுமதின்னு போனா வருஷம் ஓடிரும்னு பாபு சொன்னாரு. எல்லாரும் இப்படித்தான் செய்யிறாங்க மெஹர். தப்பு இல்ல."

"யாரு போட்டது இந்தக் கோடு?"

"நான்தான்."

இதே மேசையில்தான் போட்டிருக்கிறார். அன்றைக்கு நான் பக்கத்தில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்திருப்பேன். விதி, கட்டடம் எவ்வளவு பெரியது என்று கேட்கிறது. கீழே என்ன கிடக்கிறது என்று கேட்பதற்கு முன்னாலேயே என் கணவர் ஒரு கோடு போட்டு அதை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார். ஒரு பென்சில் கோடு. யா அல்லாஹ்.

20.2.2007

மூடிய கம்பெனிக்கு யார் பொறுப்பு என்று கேட்டுக்கொண்டு மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்குப் போனேன். மரியாதையாகத்தான் பேசினார்கள். "ஓடுற கம்பெனின்னா நாங்க கேக்கலாம்மா. மூடினது எங்க கணக்குல இல்ல."

கட்டட அனுமதி கொடுக்கும் இடத்துக்குப் போனேன். அங்கிருந்தவர் கோப்பை எடுத்துக் காட்டினார். எல்லாம் சரியாக இருந்தது. "தண்ணிக்குச் சட்டம் இருக்கு, காத்துக்கு இருக்கு. மண்ணுக்குன்னு எனக்குத் தெரிஞ்சு தனியா ஒண்ணும் இல்லம்மா. எத வச்சு நிறுத்தச் சொல்றீங்க?"

திட்டினால்கூடப் பரவாயில்லை. யாராவது ஒருவர் பொய் சொன்னாலாவது பிடித்துக்கொண்டு சண்டை போடலாம். ஒருவரும் பொய் சொல்லவில்லை.

21.2.2007

ஒச்சம்மாளிடம் வேலையை விட்டுவிடு என்றேன். "விட்டுட்டு? ஊர்ல மழ இல்ல டாக்டரம்மா. கெணறு காஞ்சு கெடக்கு. இங்கயாச்சும் குழிக்குள்ள தண்ணி இருக்கு" என்றாள். அவள் சிரித்தாள். எனக்குச் சிரிக்க வரவில்லை.

24.2.2007

இவரைக் கிளினிக்குக்கு வரச் சொன்னேன். ஒச்சம்மாளுக்குக் கட்டு மாற்றும் நேரம். இவரைக் கண்டதும் அவள் எழுந்து நின்றுவிட்டாள். உட்கார வைத்து, கட்டைப் பிரித்தேன். விளக்கை மட்டும் திருப்பி வைத்தேன்.

பார்த்தார். வலது காலில் ஒரு குழி எலும்புவரை போயிருக்கிறது. வெள்ளையாகத் தெரிகிறது.

"சார் அங்கிட்டுப் போயிருங்க, பாக்க நல்லாருக்காது" என்றாள் ஒச்சம்மாள். தன் காலுக்காக அவள் கூச்சப்பட்டாள்.

இவர் குனிந்து, தரையில் உட்கார்ந்தார். தேய்த்த சட்டை போட்ட இன்ஜினியர், அந்தத் தரையில். "எப்பலருந்தும்மா?" என்று கேட்டார்.

"மார்கழியிலருந்து சார்."



26.2.2007

வேலையை நிறுத்தச் சொல்லி வெங்கடேஷ்பாபுவிடம் பேசியிருக்கிறார். பாபு கெட்டவர் இல்லை. ஷாஹீதா பிறந்தபோது ஆஸ்பத்திரிக்குக் கார் அனுப்பியவர். புண்ணான எல்லோருக்கும் வைத்தியம் பார்த்துவிடுவோம் என்றாராம். ஆட்களை மாற்றிவிடலாம் என்றாராம். "அண்ணே, சட்டப்படி நாம எல்லாம் கரெக்டா இருக்கோம். நாம தோண்டலன்னா இன்னொருத்தன் தோண்டுவான்" என்றாராம்.

ஆட்களை மாற்றுவது. அப்படியென்றால் புதிய கால்கள்.

5.3.2007

புதிய ஆட்கள் வந்துவிட்டார்கள். ஒச்சம்மாளும் முத்திருளனும் ஊருக்குப் போகிறார்கள். மருந்தும் பஞ்சும் கட்டிக் கொடுத்தேன். முத்திருளன், "போயிட்டு வாரோம் டாக்டரம்மா" என்று கும்பிட்டார். விரல்களில் கட்டு.

8.3.2007

வஹீது இன்று செய்ததை எழுதுகிறேன்.

காலையில் தொழுதுவிட்டு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். பிளான் அனுமதி கொடுக்கும் அலுவலகத்துக்குப் போய், இரண்டும் ஒரே கட்டடம்தான், பிரித்துக் காட்டியது நான்தான், என் கையெழுத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். கனகாவின் முடிவுகளையும் சேர்த்து. வாங்கியவரே பயந்துபோய், "சார், யோசிச்சுக்கங்க, உங்க லைசென்ஸ் போயிரும்" என்றிருக்கிறார்.

திரும்பி வந்து, கால் கழுவி, சோறு கேட்டார். போட்டேன். சாப்பிட்டார். "கோட்ட அழிச்சுட்டேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். எனக்குப் பெருமையா, பயமா என்று பிரிக்கத் தெரியவில்லை.

12.3.2007

வேலை நின்றுவிட்டது. மொத்தமாகக் கணக்குப் போட்டால் இருபதாயிரத்தைத் தாண்டுகிறது, அனுமதி வாங்கும்வரை ஒரு கல்கூட வைக்கக் கூடாது என்று உத்தரவு. மோட்டாரை நிறுத்திவிட்டார்கள். இவருக்கும் வேலை போய்விட்டது. எதிர்பார்த்ததுதான்.

14.3.2007

அங்கே ஃப்ளாட் பதிவு செய்த ஹரிராம் என்பவர் வீட்டுக்கே வந்தார். தெற்குமாசி வீதிப் பக்கம் குறுகிய சந்தில் ஒரே வீட்டில் மூன்று குடும்பம் இருக்கிறார்களாம். மகள் கல்யாணத்துக்கு முன்னால் புதுவீட்டுக்குப் போய்விட வேண்டும் என்று இருந்திருக்கிறார். வாசலிலேயே நின்று சத்தம் போட்டார். "உங்களுக்கு வீடு இருக்கு. எங்களுக்கு வரப்போற வீட்ட ஏம்மா கெடுக்குறீங்க? நாங்க சாயக்காரங்க வீட்டுப் பிள்ளைங்க. பொறந்ததுலருந்து கலர் தண்ணியிலதான் நடக்குறோம். எங்களுக்கு என்ன ஆச்சு?"

நல்லவேளை கனகா இருந்தாள். இரண்டு பேர் வீட்டிலும் பேசும் மொழியிலேயே அவரிடம் ஏதோ மெதுவாகச் சொன்னாள். அவர் சத்தம் அடங்கியது. படியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். கொடுத்த டம்ளரைக் குடிக்காமல் கையில் வைத்து உள்ளே பார்த்துக்கொண்டே இருந்தார்.

பிறகு கனகாவிடம் கேட்டேன், என்ன சொன்னாய் என்று. "எங்கப்பா நுரையீரல்ல என்ன வந்து செத்தாருன்னு சொன்னேன்" என்றாள். எனக்கே அவள் இதுவரை சொன்னதில்லை.

20.4.2007

நடந்த விஷயத்தில் தண்டனை ஒன்று வந்திருக்கிறது. ஒரே ஒருவருக்கு. தவறான வரைபடத்தில் கையெழுத்துப் போட்டதற்காக என் கணவரின் லைசென்ஸை ஒரு வருஷத்துக்கு நிறுத்திவிட்டார்கள்.

மறுபடி மறுபடி படிக்கிறேன். மண்ணில் கொட்டிவிட்டுப் போனவர்களுக்கு இல்லை. அதை ஓடையில் இறைத்தவர்களுக்கு இல்லை. போட்ட கோட்டைத் தானே போய்ச் சொன்னவருக்கு.

"சரிதான மெஹர். தப்பான பிளான்தான அது" என்கிறார் இவர். எனக்கு ஆற மாட்டேன் என்கிறது.

2.5.2007

அழகர் ஆற்றில் இறங்கும் நாள். ஊரே வைகையில் இருக்கிறது. கிளினிக்கில் ஈ ஓட்டினேன். ஒன்று மட்டும் நல்லது: அடிபம்பின் கைப்பிடியைக் கழற்றிவிட்டார்கள், தெருவுக்குத் தண்ணீர் லாரி வருகிறது. லாரி வராத நாளில் பெண்கள் என்னைத்தான் திட்டுகிறார்கள்.

11.6.2007

இவருக்குத் திண்டுக்கல்லில் வேலை கிடைத்திருக்கிறது. இன்னொருவருக்குக் கீழே, சைட்டில் வேலையை மேற்பார்க்க. விடியலில் ஆரப்பாளையம் போய் பஸ் பிடிக்கிறார். டிபன் பாக்ஸை நான்தான் கட்டுகிறேன். தலைமை இன்ஜினியராக இருந்த காலத்தில் ஒரு நாளும் கட்டியதில்லை.

3.9.2007

பாபு அனுமதிக்கு விண்ணப்பித்திருக்கிறாராம். நம் மாநிலத்துக்கென்று கமிட்டி இன்னும் போடவில்லை, டெல்லிக்குத்தான் போக வேண்டுமாம். அங்கிருந்து கேள்விகள் வந்திருக்கின்றன. இந்த இடத்தில் முன்பு என்ன நடந்தது, மண்ணை எவ்வளவு ஆழம்வரை சோதித்தீர்கள், எடுத்த மண் எங்கே போயிற்று.

எடுத்த மண். பாபு கொடுத்துவிட்ட நகலில் இவர் அதைப் படித்தார். குழியிலிருந்து வெளியே போன அத்தனை லாரி மண்ணும் எங்கே? ஆண்டிச்சாமிக்குப் போன் செய்தோம். "பள்ளமா கெடந்த எடத்துக்கெல்லாம் குடுத்தோம் சார். கேட்டவங்களுக்கெல்லாம் அடிச்சோம். ஒரு பள்ளிக்கூட கிரவுண்டுக்குக்கூட ரெண்டு லோடு."

இதை நாங்கள் யோசிக்கவே இல்லை. நான், கனகா, இவர், யாருமே. டெல்லியில் உட்கார்ந்து, இந்த இடத்தைப் பார்க்காத ஒருவர் கேட்டுத்தான் எங்களுக்குத் தோன்றியது. அதற்காகத்தான் அப்படி ஒரு கேள்வியே வைத்திருக்கிறார்கள். அதைத்தான் அந்தச் சந்து அடைத்துவிட்டிருந்தது.

9.9.2007, ஞாயிறு

ஆண்டிச்சாமியோடு நானும் இவரும் அந்த மைதானத்துக்குப் போனோம். ஒரு மூலையில் மஞ்சள் உப்பு பூத்திருந்தது. தலைமையாசிரியர் நல்ல மனிதர், எதிர்க் கேள்வி கேட்கவில்லை. அன்றே கயிறு கட்டிவிட்டார். "போன மாசம் இங்கதான் சுதந்திர தினம் கொண்டாடினோம்" என்றார்.

வரும்போது ஆட்டோவில் இவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

26.11.2007

முதலில் மண்ணைச் சுத்தம் செய், பிறகு அனுமதி பற்றிப் பேசலாம் என்று சொல்லிவிட்டார்களாம். பாபு கட்டடத்தையே கைவிட்டுவிட்டார். பதிவு செய்தவர்களுக்குத் திருப்பிக் கொடுத்தாராம். ஹரிராம் வேறு இடத்தில் பார்க்கிறார். போன் செய்து, அந்த இடத்தின் மண்ணைப் பார்த்துச் சொல்ல முடியுமா என்று கனகாவைக் கேட்டிருக்கிறார்.

17.3.2008

பஸ்ஸில் போகும்போது பார்த்தேன். மஞ்சக் கம்பெனி இடத்தில் புதிய போர்டு. திருமண மண்டபம் வரப்போகிறது. வேறு யாரோ வாங்கியிருக்கிறார்கள்.

இவர் திண்டுக்கல்லிலிருந்து வந்ததும் சொன்னேன். பேப்பரில் கணக்குப் போட்டுப் பார்த்தார். ஒரே ஒரு மண்டபம். இருபதாயிரத்துக்குக் கிட்டக்கூட வராது. அனுமதி வேண்டாம், கமிட்டி வேண்டாம், கேள்வி வேண்டாம். இந்த முறை கோடு போடவேண்டிய அவசியம்கூட இல்லை.

அதே மண். அதே தண்ணீர். கட்டடம் சின்னது என்பதால் மண்ணும் நல்லதாகிவிடுமா?

18.3.2008

வாங்கியவரைப் போய்ப் பார்த்தார் இவர். காபி கொடுத்துக் கேட்டுக்கொண்டாராம். "யோசிக்கிறேன் பாய்" என்றாராம். நாங்கள் போன அலுவலகங்களுக்கு மறுபடியும் போகிறோம். அதே நாற்காலிகள்.

7.4.2008

வெயில் ஏறிய நேரம். கிளினிக் வாசலில் ஒரு லாரி வந்து நின்றது. விபத்தோ என்று ஓடினேன். பின்னால் ஆணும் பெண்ணுமாக ஒரு கூட்டம், மண்வெட்டி, சட்டி, சாப்பாட்டுத் தூக்கு. ஒச்சம்மாள் இறங்கினாள்.

ஒரு வருஷம் ஆகிவிட்டது. இளைத்திருக்கிறாள். கால் ஆறியிருக்கிறது, தழும்பு மட்டும் குழி குழியாக.

எழுமலையில் புரோக்கர் ஒருவர் ஆள் எடுத்திருக்கிறார். மதுரையில் மண்டப வேலை என்று மட்டும் சொல்லியிருக்கிறார். எந்த இடம் என்று இவளும் கேட்கவில்லை.

"லாரி உள்ள திரும்பினதும் அந்தச் செவரப் பாத்துட்டேன் டாக்டரம்மா. மஞ்சளா. யாரும் எறங்காதீகன்னு சொன்னேன். என் கொழுந்தன் சின்னச்சாமி, ஏன் மதினி, வந்த வேலைய விட்டுட்டுப் போகச் சொல்றியாங்குறான். வாயால சொன்னா நம்புவாகளா? லாரி மேலயே உக்காந்து ரெண்டு காலையும் நீட்டிக் காட்டினேன். பாருங்கடா, இதுதான் இந்த எடத்து வேலைன்னேன்."

"அப்புறம்?"

"ஒருத்தரும் எறங்கல. டிரைவரு மட்டும் எறங்கிப்போய்ச் செவத்தத் தொட்டுப் பாத்தாரு. வந்து வண்டியத் திருப்பிட்டாரு. ஊருக்குப் போற வழியில, ஒரு எட்டு உங்ககிட்டக் காட்டிட்டுப் போலாம்னு நான்தான் நிறுத்தச் சொன்னேன். இவுகளும் கேக்கட்டும்."

புரோக்கர் நாளைக்கு வேறு ஊரில் ஆள் பிடிப்பார். எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். "பிடிக்கட்டும். எங்க ஊருலருந்து ஒரு காலு எறங்காது. உசிலம்பட்டி சந்தையில சொல்லிவிட்டா அந்தப் பக்கம் பூராவும் தெரிஞ்சுரும்" என்றாள்.

எல்லோரையும் உள்ளே வரச் சொன்னேன். பெஞ்சு பத்தவில்லை, தரையில் உட்கார்ந்தார்கள். செருப்பைக் கழற்றச் சொல்லி, விளக்கைத் திருப்பி, ஒருவர் காலாக, விரல் விரலாகப் பார்த்தேன். சின்னச்சாமி கூச்சத்தோடு காலை இழுத்துக்கொண்டார். ஒச்சம்மாள் அதட்டினாள், நீட்டினார். வெடிப்பு இருந்தது, ஆணி இருந்தது, ஒருவருக்கு முள் தைத்த இடம் பழுத்திருந்தது, அதைக் கீறி எடுத்தேன்.

வேறு ஒன்றும் இல்லை. ஒரு காலிலும் குழி இல்லை.